பட்டை கட்டின ஆடு

— விடுய்யா ஏட்டு, போதும். மயக்கம் போட்டா அப்புறம் நமக்குத்தான் தலைவலி.

— இன்னும் ரெண்டு போட்டா சொல்லிடுவாங்கய்யா. உள்ளங்கால்ல அடி விழுந்தா ஆம்பளைங்களே அலறுவாங்க. இந்தம்மா பல்லைக் கடிச்சுக்கிட்டு சீலிங் ஃபேனையே பாத்துக்கிட்டிருக்காங்க.

— அவங்க யாருன்னு தெரியுமா உனக்கு? எம்பொண்ணு பாடப்புத்தகத்துல அவங்க போட்டோ இருக்கு. லத்தியை ஓரமா வச்சுட்டுத் தண்ணி கொண்டாய்யா. பாருங்க மேடம், இதுல எனக்கு ஒரு சந்தோஷமும் இல்ல.

— சந்தோஷம் இல்லாமலே இந்த அடியா? அப்ப நான் குடுத்து வச்சவதான் தம்பி.

— வாய் மட்டும் குறையல. பாருங்க, நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. உங்க ஸ்டூடண்ட், சில்வண்டுன்னு கூப்பிடுவீங்களே, அந்தப் பொண்ணு கூட்டாளிப் பசங்களோட மலையில எங்க ஒளிஞ்சிருக்கா?

— தெரியாது.

— காலையிலேருந்து இதையேதான் சொல்றீங்க.

— காலையிலேருந்து நீங்களும் இதையேதான் கேக்குறீங்க. கல்குவாரி முதலாளியோட ஆளுங்க வாட்ச்மேனைக் கம்பியால அடிச்சுக் கொன்னாங்க. விபத்து மாதிரி தெரியப் பாறையை வெடி வச்சு உருட்டிப் பொணத்து மேல தள்ளினாங்க. அவ பாத்துட்டா, படமும் எடுத்துட்டா. நீங்க கொன்னவனை விட்டுட்டுப் பாத்தவளைத் தேடுறீங்க. இது என்ன வேலை தம்பி?

— மேலேருந்து சொன்னதைச் செய்யற வேலை.

— அவ கெடச்சா என்ன பண்ணுவீங்க?

— பேசுவோம்.

— என்கிட்ட பேசின மாதிரியா?

— இல்ல மேடம். உங்ககிட்ட மரியாதையாத்தான் பேசியிருக்கோம்.

— அவ மேல கை வச்சீங்கன்னா நல்லா இருக்க மாட்டீங்க. சொல்லிட்டேன்.

— இந்தாங்கம்மா தண்ணி. மெதுவா. உதடு கிழிஞ்சிருக்கு.

— அடிச்சவனே சொல்றியேப்பா. குடு. நீ குடுக்குற இந்தத் தண்ணி அந்த மலை ஊத்துத் தண்ணிதான், தெரியுமா? நான் மொத மொத அங்க போனப்ப அந்த ஊத்துல ஒரு சொட்டு கிடையாது.

— ஆமா மேடம், எங்கப்பா சொல்லியிருக்கார். உங்களை 'ஆட்டுக்காரி'ம்பார். மலை முழுக்கக் காட்டாடுங்க, நீங்க ஒத்தைப் பொம்பளையாப் போய்ச் சுட்டுத் தள்ளினீங்கன்னு.

— காட்டாடு இல்ல, தப்பு. எவனோ வளத்துட்டுக் கைவிட்டுட்டுப் போன வீட்டாடுங்க. பல்கிப் பெருகிடுச்சு. ஒரு புல், ஒரு கன்னுச்செடி விடல. மண்ணு அரிச்சு ஊத்து அடைஞ்சு போச்சு. ஆட்டை எடுத்தா மலை பொழைக்கும்னு சொன்னேன். ஃபாரஸ்ட் ஆபீசுல ஒருத்தனும் நம்பல. பொம்பளைக்கு டெண்ட் தர முடியாதுன்னாங்க, ஜீப்புலயே படுத்துக்கிட்டேன். மீட்டிங்ல நான் பேச எந்திரிச்சா பின்வரிசையில 'மே'ன்னு கத்துவானுங்க. பெரிய பெரிய டாக்டர் பட்டமெல்லாம் வாங்கின வாய்.

— அப்புறம்தான் அந்த ரேடியோ பட்டை ஐடியா, இல்ல? நல்ல பெரிய கெடாவாப் பாத்துக் கழுத்துல பட்டையைக் கட்டி விட்டீங்க. அது மத்த ஆட்டையெல்லாம் ஓட்டிக்கிட்டு வந்துச்சு.

— தப்பு.

— எது தப்பு?

— அத்தனையும் தப்பு. யாரு உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது? கெடாவைக் கட்டினா வேலைக்கே ஆகாது. அது பாட்டுக்குத் தனியாத் திரியும். பெட்டையாட்டைக் கட்டணும். பெட்டையால தனியா இருக்க முடியாது. கண் காணாத எந்தக் குகையில, எந்தப் பாறை இடுக்குல மத்ததுங்க பதுங்கியிருந்தாலும் தேடிக்கிட்டுப் போயிடும். அது ஒண்ணும் ஓட்டிக்கிட்டு வராது. அது போகும், நாம பின்னாடி போகணும்.

— ஓஹோ. கிட்டயேவா?

— கிட்ட போனா காரியம் கெட்டுது. சிக்னல் கேக்குற தூரத்துல. பட்டையும் கனமா இருக்கக் கூடாது, நடை மாறிடும். கையில தூக்கிப் பாத்தே சொல்லிடுவேன் நான், எந்தப் பட்டை ஆவும், எது ஆவாதுன்னு.

— கூட்டத்தைக் கண்டதும்?

— சுடுவோம். எல்லாத்தையும். கெடா, சினை ஆடு, குட்டி. கிட்ட போய் மூச்சு இருந்தாக் கத்தியால முடிப்பேன். அந்த வேலையை யார்கிட்டயும் குடுத்ததில்ல. முழங்கை வரைக்கும் ரத்தம் காஞ்சு வெடிச்சுக் கிடக்கும்.

— பட்டை கட்டின ஆடு?

— அது மேல ஒரு குண்டு படக் கூடாது. அதான் மொத விதி. செத்ததுங்க நடுவுல வெடவெடன்னு நின்னுக்கிட்டிருக்கும். விட்டுடணும். ரெண்டு நாள்ல மறுபடி தேடப் போயிடும், அடுத்த கூட்டத்தை.

— அடப்பாவமே. அதுக்குப் புரியவே புரியாதாம்மா? ஒண்ணு கூட உங்களை ஏமாத்தலையா?

— ஒண்ணே ஒண்ணு, ஏட்டு. வெள்ளை நெத்தி. பாதி மலையை எனக்குக் காட்டிக் குடுத்தது அதான். ஒரு நாள் மொட்டைப் பாறையில போய்ப் படுத்துடுச்சு. தேடவும் போகல, மேயவும் போகல. நான் போய் உதைச்சே பாத்தேன். என் மூஞ்சியையே பாத்துச்சே தவிர எந்திரிக்கல. அங்கயே காஞ்சு செத்துச்சு. ஏன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

— வெயில்ல கிறுக்குப் புடிச்சிருக்கும். சரி மேடம், நீங்க கிளம்பலாம்.

— என்ன?

— வீட்டுக்குப் போங்க. ஏட்டு, மேடத்தோட பூட்ஸ் எங்க? கழட்டும்போது அதோட குதிகாலைப் பிச்சுட்ட பாரு. வெளிய ஜீப்புல நம்ம ஆள் இருக்கான்ல, அவன்கிட்ட குடுத்து ஒட்டிக் கொண்டா. புரியுதா நான் சொல்றது?

— புரியுதுங்கய்யா.

— ஏன் தம்பி திடீர்னு விடுறீங்க?

— வயசானவங்களை எத்தனை அடிக்கிறது? எனக்கும் அம்மா இருக்காங்க. பாருங்க, உங்களைக் கூட்டிட்டுப் போக யாராச்சும் வருவாங்களா? புருஷன், புள்ளை, கூடப் பொறந்தவங்க?

— யாரும் இல்ல.

— அந்தப் பொண்ணு ஒருத்திதான். இல்லையா?

— ...ஆமா. அவ ஒருத்திதான். அவளும் இல்லன்னா நான் எதுக்கு?

— பாவம். தனியா இருக்கிறது கஷ்டம்தான்.

— ஐயா, பூட்ஸ். புதுசு மாதிரி ஒட்டியாச்சு.

— மாட்டி விடுய்யா. வீங்கியிருக்கு, பாத்து. பத்திரமாப் போங்க மேடம்.

— வரேன் தம்பி.

— ஏட்டு, நீ பின்னாடியே போ. கிட்ட போகாத. ... ஹலோ, முதலாளி? நான்தான். உங்க ஆளுங்களைக் கிளப்புங்க. கிழவி அந்தப் பொண்ணைத் தேடிக்கிட்டு நேரா மலைக்குத்தான் போகும், தனியா இருக்க முடியாது. பூட்ஸ் குதிகால்ல டிராக்கர் வச்சாச்சு, சிக்னல் நல்லா வருது. அந்தப் பொண்ணும் அவகூட இருக்கிற பசங்களும் ஒருத்தனும் கீழ இறங்கக் கூடாது. கிழவி மேல மட்டும் குண்டு படக் கூடாது, மத்தவங்களையும் அதான் காட்டிக் குடுக்கும். ஐடியாவா? என்னுது இல்லங்க. அவங்களே உக்காந்து பாடம் எடுத்தாங்க.

— ஐயா.

— என்னய்யா, பின்னாடி போகச் சொன்னேன்ல?

— எங்கங்கய்யா போறது? அந்தம்மா கேட்டைத் தாண்டி நாலடி நடந்தாங்க, நின்னாங்க, நடுரோட்டுல உக்காந்துட்டாங்க. லாரியெல்லாம் நின்னு ஹாரன் அடிக்குது, கூட்டம் கூடிடுச்சு.

— கால் வலியா இருக்கும்.

— வலி இல்லங்கய்யா. பூட்ஸைக் கழட்டிட்டாங்க. வலது, இடதுன்னு ரெண்டையும் கையில மாத்தி மாத்தித் தூக்கிப் பாக்குறாங்க.

— எழுப்புய்யா. எட்டி ஒரு உதை விடு.

— உதைச்சேங்கய்யா. எம்மூஞ்சியையே பாத்தாங்க. அந்த வெள்ளை நெத்தி ஏன் படுத்துச்சுன்னு இப்பதான் புரியுதாம், உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க.