ரேடியேட்டர் மூடியும் தாய்மாமன் மடியும்

...மாப்பிள்ளை சிரிக்கிறாரு. பொண்ணு சிரிக்குது. பொண்ணோட தம்பி மட்டும் அதோ, மேடை ஓரத்துல கண்ணைத் தொடச்சுக்கிட்டு நிக்கிறான். அக்கா போயிடுவாளேன்னு! தம்பி, உனக்காகத்தான்யா இந்தக் குட்டிக் கதை. பந்தியில இலை போடுறதுக்குள்ள முடிச்சுடுறேன், சாம்பார் ஆறாது. கேளுங்க.

ராசிபுரத்துல குழந்தைவேலுன்னு ஒருத்தர். அவர்கிட்ட ஒரு பழைய கார். எவ்வளவு பழசுன்னா... இடது பக்கக் கதவை உள்ள இருந்துதான் திறக்க முடியும். ஆனா அவருக்கு அது உசுரு! மழை வந்தா கொடியில காயுற துணியை எடுக்க மாட்டாரு, காருக்கு உறை போட ஓடுவாரு.

அந்தக் காரை அவர் மச்சினன், அதாவது சம்சாரம் பூங்கோதையோட தம்பி பொன்னுரங்கம், கொல்லிமலைக்கு எடுத்துட்டுப் போனான். ஆயுத பூஜை அன்னைக்குக் காலையில பத்திரமாக் கொண்டாந்து விட்டான். மறுநாள் குழந்தைவேலு வண்டியை எடுக்குறாரு. பஸ் ஸ்டாண்டு தாண்டல... பானெட்டுக்குள்ள இருந்து புஸ்ஸுன்னு ஆவி! இட்லிக் குண்டான் மாதிரி! ரேடியேட்டர்ல தண்ணி ஊத்துறாரு, குறையுது. மறுபடி ஊத்துறாரு, மறுபடி குறையுது.

வீட்டுக்கு வந்தாரு. என்ன சொன்னாரு? "பூங்கோதை! ஹெட் கேஸ்கெட் போச்சு! உன் தம்பி மலையேத்தி என் இன்ஜினையே காலி பண்ணிட்டான்!"

கேஸ்கெட்னா என்னன்னு முன் வரிசையில அந்தம்மா கேக்குறாங்க. இன்ஜினுக்குத் தலைன்னு ஒண்ணு இருக்கும்மா, உடம்புன்னு ஒண்ணு இருக்கு. நடுவுல மெல்லிசா ஒரு தகடு. அது போச்சுன்னா, தனித்தனியா இருக்க வேண்டிய தண்ணியும் ஆயிலும் கலந்துடும். தலையைக் கழட்டியாகணும். பெரிய வேலை.

பூங்கோதை சொன்னாங்க, "ஏங்க, மெக்கானிக்கிட்ட காட்டிட்டுத் திட்டுங்களேன்."

"எதுக்குக் காட்டணும்? என் வண்டியைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

திட்டினாரு, போகட்டும். அடுத்து ஒண்ணு சொன்னாரு பாருங்க. "ஞாயித்துக்கிழமை பாப்பாவுக்குக் காது குத்து. உன் தம்பி என் வாசப்படி மிதிக்கக் கூடாது!"

ஐயா... காது குத்துக்குத் தாய்மாமன் வரக் கூடாதாம்! அப்ப புள்ளை யாரு மடியில உக்காரும்? கார் சீட்டுலயா?

பூங்கோதை அடுப்பை அணைச்சாங்க. உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டாங்க. அந்த வாரம் பூரா அந்த வீட்டுல காரோட சேர்த்து எல்லாருமே கொதிச்சாங்க.

சனிக்கிழமை காலையில மெக்கானிக் ஜெயசீலன் வந்து நிக்கிறாரு. வரச் சொன்னது யாரு? பூங்கோதை!

"வந்ததுதான் வந்துட்ட, தலையைக் கழட்டுப்பா"ன்னாரு குழந்தைவேலு.

"இருங்கண்ணே, பார்த்துட்டுக் கழட்டலாம்."

ஆயில் குச்சியை உருவினாரு. தண்ணி கலந்து பால் காப்பி நிறத்துல இருக்கா? இல்லை! ரேடியேட்டர் மூடியைக் கழட்டிட்டு ஸ்டார்ட் பண்ணச் சொன்னாரு. தண்ணியில குமிழி குமிழியா வருதா? இல்லை! பின்னாடி போய் நின்னாரு. வெள்ளைப் புகை? அதுவும் இல்லை! தகடு நல்லாத்தான் இருக்கு!

குழந்தைவேலு முகத்தைப் பார்க்கணுமே! வண்டிக்கு ஒண்ணும் இல்லைங்கிற சந்தோஷம் பாதி, மச்சினன் மேல தப்பு இல்லாமப் போயிடுமோங்கிற கவலை பாதி!

ஜெயசீலன் கையில இருந்த மூடியைத் திருப்பினாரு. உள்பக்க ரப்பர்ல என்னமோ ஒட்டிக்கிட்டிருக்கு. நகத்தால இழுத்தாரு. நூலு... பூ கட்டுற நூலு. அதுல ஒரே ஒரு காய்ஞ்ச சாமந்தி இதழ்.

"அண்ணே, பூஜைக்கு வண்டிக்குப் பூ வெச்சது யாரு?"

யாரு? நம்ம ஆளுதான்! சந்தனம் வெச்சு, குங்குமம் வெச்சு, ஸ்டியரிங்குக்குப் பூ சுத்தி, அப்பவும் பாசம் அடங்காம, பானெட்டைத் திறந்து ரேடியேட்டர் மூடியிலயும் ஒரு முழத்தைச் செருகி இறுக்கி மூடிட்டாரு. பூ உதிர்ந்து போச்சு, நூலு மாட்டிக்கிச்சு. மூடி சரியா உக்காரல, ஆவி வெளிய போயிருக்கு. தினமும் அதே மூடியைத் திறந்துதானே தண்ணி ஊத்தினாரு? ஒரு தடவையாவது திருப்பிப் பார்த்தாரா?

ஜன்னல்ல இருந்து ஒரு குரல். "ஏங்க... இப்ப யாரு வாசப்படி மிதிக்கக் கூடாது?"

மனுஷன் மூடியைத் தொடச்சு மாட்டினாரு. வண்டியை எடுத்தாரு. நேரா பொன்னுரங்கம் வீட்டு வாசல்.

"மாப்ளே, ஏறுடா. பாப்பாவுக்கு நாளைக்குக் காது குத்து."

"மாமா... வண்டி கொதிக்குமாமே?"

"வண்டி கொதிக்கலைடா. நான்தான் கொதிச்சேன். ஏறு!"

மறுநாள் மாமன் மடியில பாப்பா. ஆசாரி ஊசியை எடுத்தாரு. வீல்னு ஒரு சத்தம்! பாப்பா இல்லைங்க... பொன்னுரங்கம்! பாப்பா அவனை வேடிக்கை பார்க்குது. குழந்தைவேலு மச்சினனுக்கு விசிறி வீசிக்கிட்டு நிக்கிறாரு!

மாப்பிள்ளை, பொண்ணே... உங்க வீட்டுலயும் ஒரு நாள் ஆவி வரும். வரட்டும். உடனே "உன் தம்பிதான்", "உங்க அம்மாதான்"னு அடுத்தவங்க தலையைக் கழட்டப் போயிடாதீங்க. நம்ம கையில இருக்கிற மூடியைத் திருப்பிப் பாருங்க. நாமளே ஆசை ஆசையா வெச்ச பூவோட நூலு அங்க மாட்டியிருக்கும். எடுத்துட்டா வண்டி ஓடும்!

தம்பி, கண்ணைத் தொடச்சுட்டு மேல வா. மாப்பிள்ளை மாமா கையைப் பிடி... அப்படித்தான், நல்லா இறுக்கிப் பிடி. அக்கா எங்கேயும் போயிடலைடா. உன் மடிக்கு அந்த வீட்டுல வேலை இருக்கு!