கடைசிக் காட்சி வரை

ஓசியில் கிடைத்தால் நம் ஜனங்கள் எதையும் முழுசாகப் பார்ப்பதில்லை, ஐயா. அதுதான் என் மனக்குறை.

நான் போட்டவை பழைய மௌனப் படங்கள். காப்புரிமைக் காலம் முடிந்தவை. யார் வேண்டுமானாலும் இணையத்திலிருந்து இறக்கிக் காட்டலாம். சட்டத்தை மீறி நான் ஒரு படமும் போட்டதில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

தலைச்சோலையில் எங்கள் எஸ்டேட்டின் பழைய காப்பிக் கிடங்குதான் அரங்கு. ஜன்னல் கிடையாது, பகலிலும் நல்ல இருட்டு. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் வருவார்கள். எஸ்டேட் கணக்கெழுதும் பக்கத்து ரைட்டர் அறையிலிருந்து, சுவரில் கண்ணாடி பதித்த ஓட்டை வழியாகப் படத்தை ஓட்டுவேன். திரையில் வரும் எழுத்தை மைக்கில் தமிழாக்கிப் படிப்பதும் நான்தான்.

பாதிப் படத்தில் ஒருத்தி உலை வைக்கப் போவாள். இன்னொருவன் மாட்டைப் பிடித்துக் கட்டப் போவான். கதவு திறக்கும்போதெல்லாம் வெளிச்சம் பாய்ந்து திரையில் முகங்கள் வெளுத்துப்போகும். காப்பி பறிக்கிற மரியபுஷ்பத்திடம் ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“ஓசிப் படந்தானுங்களே, மிச்சத்த அடுத்த வாரம் பாத்துக்கலாமுங்க” என்றாள்.

நிறைந்த அரங்கோடு ஒரு படத்தின் முடிவை நான் பார்த்ததே இல்லை.

போன ஞாயிறு விடாத மழை. கரண்ட் போய்விட்டது. வாடகைக்கு ஜெனரேட்டர் விடும் ஜாபர் அலி ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார்.

“ஏனுங்க, மழைன்னு இதைய உள்ளார மட்டும் வெச்சுராதீங்க. பொகை ஆளையே சாச்சுப்போடும்” என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை.

வெளியே வைத்தால் நனைந்துவிடும். என் அறையில் வைத்தால் எனக்குப் புகை ஆகாது. அதனால் கிடங்கின் பின்மூலையில் வைத்தேன். மௌனப் படத்துக்குச் சத்தம் என்ன இடைஞ்சல்? வெளிச்சம் வராமலிருக்கக் கதவை வெளியே தாழ் போட்டேன்.

கடலுக்குப் போன கணவனுக்காகக் காத்திருக்கும் பெண்ணின் கதை. கடைசியில் அவள் விளக்கை அணைத்துவிட்டு ஒருமுறை திரும்பிப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்காகத்தான் அந்தப் படத்தையே தேர்ந்தெடுத்தேன்.

பாதிக்கு மேல் கிடங்குக் கதவை உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்டது. மரியபுஷ்பம்தான்.

“தலை நொம்பக் கிறுகிறுங்குதுங்க. எம்பட புள்ள ஸ்டெஃபி மயங்கிருச்சுங்க. கதவத் தொறந்துவுடுங்க.”

இன்னும் கொஞ்ச நேரம்தான், உட்காருங்கள் என்று மைக்கில் சொன்னேன். மரியாதையாகத்தான் சொன்னேன். சிறிது நேரத்தில் தட்டல் நின்றது.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்திருந்தார்கள். மரியபுஷ்பம் கதவோரமாகவே உட்கார்ந்துவிட்டாள். யாரும் இருமவில்லை, யார் கையிலும் போன் மினுங்கவில்லை. கடைசி எழுத்துவரை நிதானமாகப் படித்தேன். அப்புறம்தான் கதவைத் திறந்தேன்.

தாழ் போட்டது நான். திறக்காதது நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் படம் ஓடும்போதே அவர்கள் இறந்துவிட்டதாக டாக்டர் எழுதியிருக்கிறாராம். அதை மட்டும் திருத்தச் சொல்லுங்கள், ஐயா. அவர்கள் முழுசாகப் பார்த்தார்கள்.