போர்ச்சுக்கு மேல் ஏழு பேர்

தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. அம்மாவின் கையைப் பிடித்திருக்கிறேன். ஓடுகிறோம் என்று சொல்ல முடியாது. கால்களை இழுக்கிறோம். பின்னால், எங்கள் வீட்டுக்குள், குளிர்ப்பெட்டி மிதந்து கதவில் மோதுகிறது. டம். கொஞ்சம் இடைவெளி. மறுபடி டம்.

டிசம்பர். வியாழக்கிழமை மதியம். லாயாங் லாயாங்கில் ஆற்றை ஒட்டிய எங்கள் தாமான் குடியிருப்பு. மழை விடவே இல்லை.

நான் தொழிற்சாலையில் மின்சாரப் பராமரிப்பு டெக்னீஷியன். கிளம்பும் முன் செய்தவை: மெயின் சுவிட்சை இறக்கினேன். கேஸை மூடினேன். அடையாள அட்டைகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டு அம்மாவின் கழுத்தில் மாட்டினேன். செய்ய முடியாதது ஒன்று. மாத்திரைப் பெட்டி கட்டிலுக்கு அடியில் இருந்தது. தேடியபோது கட்டிலே இடம் மாறியிருந்தது. பெட்டி இல்லை.

எனக்கு வலிப்பு நோய். பள்ளிக்காலத்திலிருந்து. மாத்திரை தவறினால் வரும். தூக்கம் கெட்டால் வரும். இரவெல்லாம் சாமான்களை மேலே ஏற்றிக்கொண்டிருந்தோம். மாத்திரை போட மறந்தேன். தூங்கவும் இல்லை. தண்ணீரில் நிற்கும்போது வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். முகம் கவிழ்ந்துவிடும். அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு முத்தையா மாமா எங்களுக்கு முன்னால் போகிறார். நிற்கிறார். திரும்புகிறார்.

"மாமா, விடுங்க! வாங்க!"

"கட்டிப் போட்டுக் கெடக்குதுங்கம்மா. அவுத்து விட்டுட்டு வந்துர்றேன். நீங்க போங்க."

அவருடைய ஆடுகள் கத்துவது கேட்டது. பிறகு கேட்கவில்லை.

"ரேணு! இங்க! ஏணி இருக்கு!"

பிலோமினாவின் குரல். எங்கள் வரிசையில் அவர்கள் வீட்டு கார் போர்ச்சுக்கு மட்டும்தான் சிமெண்ட் தளம். மற்றதெல்லாம் தகரம். அவள் மேலே நின்று கையை ஆட்டுகிறாள். நான் நிற்கிறேன். அந்த வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று இரண்டு வருடம் வைராக்கியமாக இருந்தவள் நான்.

இரண்டு வருடங்களுக்கு முன் எனக்கு நிச்சயமானது. வலிப்பைப் பற்றி மாப்பிள்ளை வீட்டாரிடம் நாங்கள் சொல்லவில்லை. பரிசம் போட்ட மறுவாரம் பிலோமினா மாப்பிள்ளையைப் பார்த்துச் சொன்னாள். கல்யாணம் நின்றது. ஆரம்பப் பள்ளியிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவள். நான் விழும்போதெல்லாம் என்னைப் பிடித்தவள். அதன்பின் அவளோடு நான் பேசவில்லை.

"ஏறு பிள்ள," என்றார் அம்மா. "ரோஷமெல்லாம் மேல போயி பாத்துக்கலாம்."

ஏறினோம். மேலே ஏழு பேர். நான், அம்மா, பிலோமினா, அவளுடைய அப்பா, எதிர்வீட்டு மலாய்த் தம்பதி, அவர்களின் கைக்குழந்தை. தளத்துக்குச் சுற்றுச்சுவர் இல்லை. விளிம்புக்குக் கீழே பழுப்புத் தண்ணீர். மரக்கட்டைகள் தூணில் இடிக்கும் சத்தம். ஒவ்வோர் இடிக்கும் தளம் நடுங்கியது. குழந்தை அழவே இல்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

பிலோமினா ஒரு மூலையில். நான் எதிர் மூலையில்.

அப்போது அந்த வாசனை வருகிறது. கருகிய ரப்பர். அங்கே ரப்பர் எதுவும் எரியவில்லை. எனக்கு வலிப்பு வருமுன் எப்போதும் வரும் வாசனை அது. விளிம்பிலிருந்து ஓர் அடியில் உட்கார்ந்திருக்கிறேன். அம்மாவைப் பார்க்கிறேன். பிறகு பிலோமினாவைப் பார்க்கிறேன்.

"மினா," என்றேன். "வருது."

இனி எழுதுவது நான் கண்டதல்ல. பிறர் சொன்னது.

பிலோமினா தவழ்ந்து வந்தாள். என்னை இடுப்பில் பிடித்து நடுவே இழுத்தாள். பக்கவாட்டில் படுக்க வைத்தாள். என் கால்கள் உதறின. அவள் விளிம்புப் பக்கம் போய்ப் படுத்துக்கொண்டாள். நான் உருண்டால் அவள் மேல்தான் உருள வேண்டும். அவளுக்கு அப்பால் தண்ணீர்.

அம்மா கதறினார். "சாவி! சாவி குடுங்க! இரும்பு ஏதாச்சும் குடுங்க!" ஒவ்வொரு முறையும் அம்மா செய்வது அதுதான். பிலோமினாவின் அப்பா கார்ச் சாவியை நீட்டினார். அம்மா என் விரல்களைப் பிரித்து அதைத் திணிக்கப் பார்த்தார். என் தலையைத் தாங்கியிருந்த பிலோமினாவின் கையைத் தட்டிவிட்டார்.

"சாவி வேணாம் ஆண்ட்டி! கைய விடுங்க! வாயில ஒண்ணும் வெக்காதீங்க!"

அப்போதுதான் தீயணைப்புப் படையான போம்பாவின் படகு வந்தது. வீரர்கள் இருவர். எனக்குப் பேய் பிடித்துவிட்டது என்று எதிர்வீட்டு மலாய்க்காரர் சொன்னாராம். வீரர்கள் படகை நெருக்கத் தயங்கினார்கள். பிலோமினா எழுந்து நின்று மலாயில் கத்தினாள். இவளுக்கு வலிப்பு நோய், மாத்திரை தவறிவிட்டது, மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். அந்த வரிசை முழுக்கக் கேட்டது. கூரைகளில் நின்றவர்கள் எல்லாரும் கேட்டார்கள்.

கண் திறந்தபோது படகில் இருந்தேன். நாக்கில் ரத்தச் சுவை. தலை பிலோமினாவின் மடியில்.

"முழிச்சிட்டியா? உன்னத் தூக்க ரெண்டு போம்பாக்காரன் பத்தல லா. என்னா வெயிட்டு."

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். மறுபடியும்."

இன்ஜின் சத்தம். அம்மா என் காலைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தார்.

"கல்யாணத்துக்கு அப்புறம் மாத்திரைய நிறுத்திருவேன், அவங்க வீட்ல கண்டுபிடிச்சிருவாங்கன்னு நீ சொன்ன," என்றாள் பிலோமினா. "எனக்குத் தூக்கமே வரல. ஆனா உன்னத் தாண்டிப் போயி அவர்கிட்ட சொன்னது தப்புதான். உன்னோடதான் சண்ட போட்டிருக்கணும்."

வலிப்புக்குப் பிறகு வார்த்தைகள் எனக்கு மெதுவாகத்தான் வரும். அவள் காத்திருந்தாள். அது அவளுக்குத் தெரியும்.

"போட்டிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேன்," என்றேன். "கோவம் இன்னும் இருக்கு. ஆனா நீ போயிராத."

"எங்க போறது? சுத்தித் தண்ணி."

மருத்துவமனையில் என்னோடு அவள் இருந்தாள். துயர் துடைப்பு மையத்தில் என் பாய்க்குப் பக்கத்தில் அவள் பாய்.

இழந்தவை. குளிர்ப்பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், இரண்டு மெத்தைகள். என் கருவிப்பை. அம்மாவின் தையல் இயந்திரம். பிலோமினாவின் மோட்டார் சைக்கிள். ஆறு ஆடுகள்.

இழந்தவர், முத்தையா மாமா. வெள்ளம் வடிந்த பிறகுதான் கிடைத்தார். கையில் அறுத்த கயிறு இருந்தது.

பிலோமினாவோடு நான் பேசாமல் கழித்த இரண்டு வருடங்களையும் இந்தக் கணக்கில் சேர்க்கிறேன். அவளுடைய அம்மா அந்த இடைவெளியில்தான் இறந்தார். நான் போகவில்லை.