சிமியோனின் கை

இரவு வேலை செய்கிறவனுக்குப் பகல் நீளம். மயிலிட்டியில் அப்போது ஓர் ஐஸ் தொழிற்சாலையில் இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை கட்டி இறக்குவேன். வீட்டுக்கு வந்தால் நித்திரை வராது. வராதபோது பழைய ரேடியோ எதையாவது கழற்றிப் பூட்டிக்கொண்டிருப்பேன். அந்தப் பெட்டியையும் அப்படித்தான் செய்தேன்.

கொழும்பில் கப்பல் வானொலிப் படிப்பை எண்பத்துமூன்றில் விட்டு வந்தவன் நான். ஆடிக் கலவரத்தால் வந்தேன் என்று ஊர் நினைத்தது. நான் திருத்தவில்லை. சோதனையில் தவறியதால் சித்திரையிலேயே என்னை நிறுத்திவிட்டார்கள்.

அடைக்கலநாதன் சம்மாட்டியிடம் ஒரு பெரிய வள்ளம் இருந்தது. வேதாரணியத்துக்கு ஆட்களைக் கொண்டுபோய்க் கொண்டுவரும். கரையில் அவருடைய மீன்வாடிக்குப் பின்னால் ஓர் அறை. அங்கே வானொலிக் கருவியோடு சிமியோன் அண்ணை இருப்பார். சரக்குக் கப்பலில் பதினெட்டு வருடம் தந்தியடித்தவர். வள்ளத்தில் காதில் கேட்கும் கருவியை மாட்டிக்கொண்டு கிறகோரி இருப்பான். அவனும் அதே கப்பலில் வேலை செய்தவன். திரும்பி வருகிற நாளில் வள்ளம் வெளிக்கடலில் நிற்கும். மாலை ஆறு மணிக்குச் சிமியோன் கடலில் நேவி நிற்கிறதா என்று பார்த்து 'வா' அல்லது 'நில்' என்று அடிப்பார். நேவிக்குக் கேட்டுவிடும் என்பதால் வள்ளம் பதில் சொல்லாது.

அவர்களுக்குள் இரகசியச் சொல் எதுவும் கிடையாது. தேவைப்படவில்லை. தந்தி என்றால் புள்ளியும் கோடும்தான், ஆனால் அடிக்கிறவன் ஒவ்வொருவனுக்கும் ஒரு கை உண்டு. ஒருவன் கோட்டை இழுப்பான், ஒருவன் புள்ளியைக் கடிப்பான். சிமியோனின் கையைக் கிறகோரி அலைக்குள்ளும் அடையாளம் காண்பான். அந்தக் கைதான் அவர்களுடைய பூட்டும் திறப்பும்.

எண்பத்தைந்து மாரியில் சிமியோனுக்கு மணிக்கட்டில் வாதம் வந்தது. சாதாரணத் தந்திச் சாவியை மேலும் கீழும் அழுத்த மணிக்கட்டு வேண்டும். அவரால் முடியவில்லை. நான் இரண்டு மாதம் இருந்து மின்சாவி ஒன்றைச் செய்தேன். இரும்பு அறுக்கிற வாளின் அலகை முறித்து இரண்டு தகடு, நெல்லியடியில் ரேடியோ திருத்துகிறவனிடம் வாங்கிய சில்லறைச் சாமான்கள், ஒரு பிஸ்கட் ரின். பெருவிரல் தகட்டைத் தொட்டால் பெட்டி தானாகப் புள்ளி அடிக்கும். ஆட்காட்டி விரல் தகட்டைத் தொட்டால் கோடு. இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் புள்ளியும் கோடும் மாறி மாறி வரும். எந்த விரல் முதலில் பட்டதோ அதிலிருந்து தொடங்கும். மணிக்கட்டுக்கு வேலையே இல்லை.

அவருக்கு இன்னும் சுகமாக இருக்கட்டும் என்று சைகைகளையும் நானே சுருக்கினேன். கோடு-புள்ளி-கோடு என்றால் வா. புள்ளி-கோடு-புள்ளி என்றால் நில். இரண்டுக்கும் ஒரே பிடிதான். முதலில் படுகிற விரல் மட்டும் வேறு. பெட்டியில் ஒரு சின்ன ஒலிபெருக்கி இருந்தது. அதன் சத்தம் வெளியே ஒழுங்கையில் போகிறவர்களுக்கும் கேட்டதால் அதையும் கழற்றினேன்.

"சத்தமில்லாமல் அடிக்கிறது கண்ணைக் கட்டிக்கொண்டு வலை இழுக்கிற மாதிரியடா" என்றார் சிமியோன்.

"நான் ஒவ்வொரு நாளும் சோதிச்சுத் தருவன் அண்ணை" என்றேன். தந்தேன்.

பெட்டி அடிக்கிற புள்ளிக்கு ஆள் கிடையாது. யார் தொட்டாலும் ஒரே நீளம். அதாவது சிமியோனின் கை அன்றோடு இல்லாமல் போயிற்று, பூட்டும் போயிற்று. இது எனக்கு விளங்கியது. வேறு ஒருவருக்கும் விளங்கவில்லை. நான் சொல்லவுமில்லை.

முதல் பயணம் முடிந்து கிறகோரி வாடிக்கு வந்தான். "அண்ணை, கை இருவது வயதுப் பொடியன்ரை கை மாதிரி ஓடுது. என்ன, நண்டு ரசமோ?"

"உவன்ரை பெட்டியடா" என்று என்னைக் காட்டினார் சிமியோன்.

"பெட்டி கதைக்குமோ? கைதான் கதைக்கும்."

"அப்ப பெட்டியைப் பூனையிட்டைக் குடுத்துப் பாப்பம்" என்றார் சம்மாட்டியார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"உவன் படிப்பை முடிச்சிருந்தால் இப்ப கப்பலிலை எல்லோ நிப்பான்" என்றான் கிறகோரி. "ஐஸ் உடைக்க மாட்டான்." அதில் வஞ்சகம் இருக்கவில்லை. எனக்கு மீன் பொரியல் வைத்துக்கொண்டுதான் சொன்னான்.

அடுத்த ஆறு மாதமும் ஊரில் சிமியோனின் கையைப் பற்றித்தான் கதை. வாதம் வந்தும் குறையாத கை என்றார்கள். நான் ஒரு பிழை போதும் என்று நினைத்தேன். ஒரேயொரு பிழை. அப்போது பெட்டி யாருக்கு விளங்கும் என்று கேட்பார்கள், சிமியோனின் கதிரையில் நான் இருப்பேன். இதைவிடப் பெரிய காரணம் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.

எண்பத்தாறு ஆவணியில் ஒரு வியாழக்கிழமை. நாலு மணியிலிருந்து நேவிப் படகு ஒன்று கண்ணுக்குத் தெரிந்த தூரத்தில் நின்றது. 'நில்' என்று அடிக்கவேண்டிய நாள் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஐந்தரைக்கு வழமைபோலப் பெட்டியைச் சோதிக்கப் போனேன். தகடுகளுக்குப் போகிற இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றிப் பூட்டினேன். இரண்டு திருகாணிதான்.

ஆறு மணிக்குச் சிமியோன் வந்து சிலுவை போட்டுக்கொண்டு, பெருவிரலை முதலில் வைத்து மூன்று தரம் பிடித்தார். சரியாகத்தான் பிடித்தார். வா, வா, வா என்று போயிற்று.

வள்ளம் கிட்ட வரும், நேவியைக் கண்டு திரும்பி ஓடும், கிறகோரி வந்து சிமியோனை ஏசுவான் என்பதுதான் என் கணக்கு. முன்பு இரண்டு முறை அப்படி ஓடித் தப்பியிருக்கிறது. பதினாறு பேரோடு பாரமாக வருகிற வள்ளம் அப்படி ஓடாது என்பதும் எனக்குத் தெரியும். பதினாறு பேர் என்று சம்மாட்டியார் காலையிலேயே சொல்லியிருந்தார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சிமியோன் கோயிலுக்குப் போய்விட்டார். நான் கம்பிகளை மறுபடி சரியாகப் பூட்டினேன். அதற்குப் பிறகு ஏழு மணிவரை அந்த அறையில் தனியாக இருந்தேன். கருவி சூடாக இருந்தது. ஏழு மணிவரை கிறகோரி காதிலிருந்து கழற்றமாட்டான். பெருவிரலை வைத்து ஒரு பிடி பிடித்தால் வள்ளம் நின்றிருக்கும். பிடித்தால் எல்லாரும் பிழைத்து வருவார்கள், சிமியோன் பிழையைத் தானே கண்டு திருத்தினார் என்று ஊர் சொல்லும். கையைப் பெட்டிமேல் வைத்தபடி இதை யோசித்தேன். பிறகு விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, பத்து மணிக்கு வேலைக்குப் போனேன்.

ஐந்து பேர் நீந்தி வந்தார்கள். அவர்களில் கிறகோரி ஒருவன். அவனுடைய பெண்சாதி லூர்த்தம்மா, நாகபட்டினத்தில் வயிற்றுக்கு மருந்து செய்துவிட்டு வந்துகொண்டிருந்தவள், வரவில்லை.

கிறகோரி நேராக வாடிக்கு வந்தான். சத்தம் போடவில்லை. "அண்ணை, நீங்கள் வா எண்டனீங்கள்."

"இல்லையடா. நான் நில் எண்டுதான்..."

"மூண்டு தரம் வா எண்டனீங்கள். உங்கடை கைதான்."

சிமியோன் தன் விரல்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அறையில் அவரோடு இருந்தவன் நான் ஒருவன்தான். "யாகோப்பு, நான் பெருவிரல்தானே முதல் வைச்சனான்?"

"வடிவாத் தெரியேல்லை அண்ணை" என்றேன். "மற்ற விரல் முதல் பட்ட மாதிரிக் கிடந்தது. வாதம்தானே."

சம்மாட்டியார் பெட்டியைச் சோதிக்கச் சொன்னார். எல்லாருக்கும் முன்னால் சோதித்தேன். பெட்டியில் பிழை இல்லை.

சிமியோன் செத்தவர்களின் பதினொரு வீட்டுக்கும் நடந்து போய், என்ரை கைதான் என்று சொன்னார். சிலர் கதவைச் சாத்தினார்கள். சின்னாச்சி என்கிற ஒருத்தி மட்டும் தண்ணி கொடுத்தாளாம். அதன்பிறகு அவர் பூசையில் நற்கருணை நன்மை எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்கு வெளியே வேலியோடு நிற்பார். கதிரை எனக்குக் கிடைத்தது. மூன்று வருடம் இருந்தேன். நான் இருந்தவரையில் ஒருவரும் சாகவில்லை.

தொண்ணூறில் சண்டை வந்து மயிலிட்டியை விட்டு எல்லாரும் எழும்பினோம். நெல்லியடிக்குக் கிட்ட ஒரு தென்னங்காணியில் கொட்டில் போட்டு இருந்தோம். தொண்ணூற்றுமூன்று மாசியில் சிமியோன் படுக்கையில் விழுந்தார். பார்க்க ஆளில்லை. நான்தான் கஞ்சி பருக்கினேன். அதையும் என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசிக்கு முதல் நாள் என் கையைப் பிடித்தார். அவருடைய விரல்கள் எல்லாம் மடங்கிப் போயிருந்தன.

"டேய், உன்னட்டை ஒண்டு கேக்கவேணும்."

கேட்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். கேட்டால் சொல்லிவிடுவதாகவும் இருந்தேன்.

"எவ்வளவு பாடுபட்டு எனக்கெண்டு செய்து தந்தனீ. என்ரை பாழாய்ப்போன கையாலை உன்ரை பெட்டிக்கும் பேர் கெட்டுது. மன்னிச்சிடடா."

வெளியே யாரோ கிடுகு பின்னிக்கொண்டிருந்தார்கள்.

"மன்னிச்சிட்டன் அண்ணை" என்றேன்.

"உனக்குப் பெரிய மனசடா" என்றார்.

நான் மறுக்கவில்லை.