நேத்து மேட்ச் பாத்தோம்

அக்கா: ...அப்புறம் அந்த ஹீட்டர் கதை என்னாச்சு? தானா அணைஞ்சு போகுதுன்னியே.

தங்கை: அது தானா அணையலக்கா. நான்தான் தப்பான பட்டனைத் திருகிக்கிட்டு இருந்திருக்கேன். மேல இந்த ஊர் பாஷைல எழுதியிருக்கறது எனக்கு எங்க படிக்க வருது...

அக்கா: அடிப்பாவி. போனதுலேர்ந்து குளிர்லயா கிடந்த?

தங்கை: எங்க கேப்டன் இருக்கா இல்ல, கோல்கீப்பர்... அவ வீட்டுக்கு வந்து பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சா. அப்புறம் ஒவ்வொரு பட்டன் மேலயும் படம் வரைஞ்சு ஒட்டிட்டுப் போனா. ஹீட்டருக்கு சூரியன். துணி மெஷினுக்கு சட்டை. அடுப்புக்கு நெருப்பு.

அக்கா: பாப்பாவோட ஸ்கூல்லயும் இப்படித்தான் ஒட்டி வச்சிருக்காங்க. பேர் எழுதினா புரியாதுன்னு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு படம். இவளுக்கு ஆமை.

தங்கை: ஆமையா? ஏன் ஆமை?

அக்கா: அவளே கேட்டு வாங்கிக்கிட்டா. நீ ஓடுற ஓட்டத்துக்கு உன் பொண்ணு ஆமையைப் பிடிச்சுக்கிட்டா பாரேன்.

தங்கை: நினைச்சுப் பாக்கறேன்கா. ஆமை ஒட்டின பையோட அவ நடந்து போறதை.

அக்கா: சரி, கிளப்ல எப்படி இருக்கு? பந்து தர்றாளுகளா உனக்கு? முன்னாடி நிக்கிறவ நீ, உனக்கே தரமாட்டேங்கறாங்கன்னு புலம்பிக்கிட்டு இருந்தியே.

தங்கை: தர்றாங்க. தர்ற விதம்தான் வேற. நம்ம ஊர்ல நான் காலைக் காட்டினா காலுக்கு வரும். இங்க எல்லாம் தலைக்கு மேல. எதிராளி ஒவ்வொருத்தியும் பனைமரம் மாதிரி நிக்கிறா. அவ தோள் உயரம்கூட நான் இல்ல.

அக்கா: குனிஞ்சு பூந்து வந்துட வேண்டியதுதானே.

தங்கை: தரை வேற. புல் மாதிரி இருக்கும், புல் இல்ல. அடியில ரப்பர். பந்து ஒரு பக்கம் குதிச்சா கால் ஒரு பக்கம் ஒட்டிக்கும்...

அக்கா: ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.

தங்கை: சொல்லுவ. நீ வந்து ஒரு நாள் ஓடிப் பாரு.

அக்கா: நான் எதுக்கு ஓடணும்? உன் பொண்ணு பின்னாடி ஓடவே எனக்கு மூச்சு பத்தல.

தங்கை: கோச் சொல்றது ஒண்ணுதான்கா. பந்து இல்லாதப்பவும் ஓடு, ஓடிக்கிட்டே இரு. அதையும் கையால காட்டுவாரு. என் பேரைக்கூட முழுசா யாரும் கூப்பிடறதில்ல. நீளமா இருக்காம். பாதியிலயே வெட்டிட்டாங்க.

அக்கா: அதெல்லாம் போகப் போக சரியாயிடும். நேத்துதான் பாத்தோமே, எவ்வளவு பழகிட்டன்னு.

தங்கை: நேத்தா?

அக்கா: நேத்து மேட்ச் பாத்தோம்ல. எல்லாரும் உக்காந்து.

தங்கை: ...ஓ.

அக்கா: மாமா டீவியில போட்டு விட்டார். உங்க கிளப் சேனல்லயே வருதே. ரெண்டுக்கு ஒண்ணு. நல்ல மேட்ச்.

தங்கை: நீ முழுசாவா பாத்த?

அக்கா: பின்ன? தங்கச்சி ஆடறப்ப எந்திரிச்சுப் போவாங்களா?

தங்கை: நான்... எப்படி ஆடினேன்?

அக்கா: உனக்கென்ன, நல்லாத்தான் ஆடின. அந்த ரெண்டாவது கோல் உன்னுதுதானே? தூரத்துல காட்டறான், எல்லாரும் ஒரே சட்டை. எனக்கு சட்டுனு தெரியல.

தங்கை: ...ம்.

அக்கா: அதானே பாத்தேன். உன் ஓட்டம் எனக்குத் தெரியாதா?

தங்கை: பாப்பா பாத்தாளா?

அக்கா: பாக்காம? கை தட்டினா.

தங்கை: கை தட்டினாளா?

அக்கா: ஆமாடி. டீவிக்குப் பக்கத்துல போய் நின்னுக்கிட்டா. அம்மா அம்மான்னு... தள்ளி உக்காருன்னு மாமா சொல்லச் சொல்லக் கேக்கல.

தங்கை: அப்புறம்?

அக்கா: அப்புறம் என்ன, தினமும் பாடற பாட்டுதான். அம்மா எப்ப வருவா, அம்மா எப்ப வருவான்னு. படுக்கப் போறப்ப உன்னைக் கேட்டு அழாத நாள் கிடையாது.

தங்கை: அவகிட்ட குடேன். ரெண்டு வார்த்தை.

அக்கா: இப்ப பார்க்குக்குக் கிளம்பிக்கிட்டு இருக்காடி. மாமா கூட்டிட்டுப் போறார். இப்ப உன் குரலைக் கேட்டா போக மாட்டேன்னு அடம் பிடிப்பா.

தங்கை: போன தடவை தூங்கறான்ன. அதுக்கு முன்னாடி சளின்ன.

அக்கா: சளி பிடிச்சிருந்தது, சொன்னேன். அதுக்கு என்ன?

தங்கை: ஒண்ணுமில்ல.

அக்கா: ஏதோ சத்தம் கேக்குதே. மைக்ல யாரோ கூப்பிடற மாதிரி.

தங்கை: அது... ஸ்டேடியத்துல. மைக் சரியா இருக்கான்னு பாக்கறாங்க.

அக்கா: இந்நேரத்துலயா?

தங்கை: இங்க இப்பதானே காலைல. இரு ஒரு நிமிஷம்... ம். ம். ஓகே. தேங்க்யூ... ஸ்ஸ்... ஆ... ஓகே. சொல்லுக்கா.

அக்கா: யாரு?

தங்கை: ஃபிசியோ. காலைப் பாக்க வந்தாங்க.

அக்கா: காலுக்கு என்ன?

தங்கை: ஒண்ணுமில்லக்கா. ஆடின மறுநாள் எல்லாருக்கும் பாப்பாங்க.

அக்கா: குரலே ஒரு மாதிரி இருக்கு. வீடியோ போடு, மூஞ்சியைப் பாக்கறேன்.

தங்கை: நெட் சரியில்ல. நீ போடேன்.

அக்கா: நான் என்னத்த... வீடெல்லாம் அலங்கோலமா கிடக்கு. வேணாம்.

பாப்பா: அம்மா... செருப்பு மாட்டி விடு.

அக்கா: இதோ வரேன்டா கண்ணு. மாமாகிட்ட... பெரியப்பாகிட்ட போய் மாட்டிக்கோ. போ.

பாப்பா: நீதான் மாட்டணும். அம்மா... வாம்மா.

அக்கா: வரேன், போ. வாசல்ல இரு... ஏய், லைன்ல இருக்கியா?

தங்கை: இருக்கேன்.

அக்கா: அது வந்து... பெரியம்மான்னு அவளுக்கு முழுசா சொல்ல வரல. 'பெரிய'வை முழுங்கிட்டு பாதியைத்தான் சொல்றா. குழந்தைதானே.

தங்கை: ஆமா. குழந்தைதானே.

அக்கா: நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத.

தங்கை: இதுல வச்சுக்க என்ன இருக்கு... போய் மாட்டி விட்டுட்டு வா. நான் லைன்ல இருக்கேன்.

அக்கா: இதோ.

தங்கை: ...

அக்கா: ...போயாச்சு ரெண்டும். தோள் மேல ஏறி உக்காந்துதான் போறா மகாராணி. அவ அப்பன் வேற குடும்பத்தைத் தேடிக்கிட்டுப் போனான் பாரு, அவனுக்கும் சேர்த்து இந்த மனுஷன் தூக்கிச் சுமக்கறார்.

தங்கை: உங்களுக்கு நான் என்ன செஞ்சு இதைத் தீர்க்கப் போறேனோ.

அக்கா: லூசு மாதிரி பேசாத. ஒரு குழந்தை சத்தம் கேக்காதான்னு இருந்த வீடுடி இது.

தங்கை: அக்கா...

அக்கா: சொல்லு.

தங்கை: நான் ஊருக்கு வந்துடட்டுமா?

அக்கா: ...ஏன்?

தங்கை: சும்மாதான் கேட்டேன்.

அக்கா: சும்மா யாராவது இப்படிக் கேப்பாங்களா? சீசன் முடியட்டும். நடுவுல கிளம்பினா கிளப்ல ஒத்துக்குவாங்களா?

தங்கை: ஒத்துக்கிட்டாங்கன்னா?

அக்கா: அப்பவும்... இவ்வளவு கஷ்டப்பட்டுப் போய்ச் சேர்ந்துட்டு... வேணாம்டி. பாப்பாவும் இப்பதான் ஒரு நிலைக்கு வந்திருக்கா. நீ வந்து, மறுபடியும் கிளம்பினா, பிஞ்சு மனசு தாங்குமா?

தங்கை: தினமும் என்னைக் கேட்டு அழறான்ன.

அக்கா: அழறா...

தங்கை: இப்ப ஒரு நிலைக்கு வந்துட்டாங்கற.

அக்கா: ரெண்டும்தான். நீ என்ன வக்கீல் மாதிரி குறுக்குக் கேள்வி கேக்கற?

தங்கை: நான் வர்றது உனக்குப் பிடிக்கலையாக்கா?

அக்கா: ஐயோ, அப்படிச் சொல்வேனா நான்... நேத்து கோல் போட்டவ இன்னிக்கு வரேங்கறியேன்னுதான்.

தங்கை: நேத்து நான் ஆடலக்கா.

அக்கா: ...என்ன?

தங்கை: நேத்து நான் ஆடல. பெஞ்சுலகூட இல்ல. ஆஸ்பத்திரில இருக்கேன். நீ கேட்ட மைக் இங்கேர்ந்துதான்.

அக்கா: ஏய்... என்னடி சொல்ற?

தங்கை: பதறாத. முட்டில ஜவ்வு கிழிஞ்சு போச்சு. ஆபரேஷன் பண்ணியாச்சு. நல்லபடியா முடிஞ்சுதுன்னு டாக்டர் சொல்றார்.

அக்கா: ஆபரேஷனா... எப்ப? யாருடி கூட இருந்தா? கையெழுத்து யார் போட்டா?

தங்கை: முந்தாநாள். கையெழுத்து நான்தான் போட்டேன்.

அக்கா: உனக்கு நீயேவா?

தங்கை: வேற யார் இருக்கா இங்க. கேப்டன் வந்து வெளில உக்காந்திருந்தா. மயக்கம் தெளிஞ்சதும் என்னென்னமோ பேசினேனாம் நம்ம பாஷைல. அவளுக்கு ஒண்ணும் புரியல, ஆனா எல்லாத்துக்கும் தலையாட்டினாளாம். பாவம்.

அக்கா: கடவுளே... எப்படிடி ஆச்சு?

தங்கை: போன மாசம் பிராக்டீஸ்ல. பந்து வந்துச்சு. அன்னிக்குன்னு பாத்து காலுக்கே வந்துச்சு. வாங்கினேன். எல்லாரும் ஒரே வார்த்தையைக் கத்தினாங்க. கோச், கேப்டன், எல்லாரும். எனக்கு அந்த வார்த்தை தெரியல. என்னைப் பாராட்டறாங்கன்னு நினைச்சு... சிரிச்சுக்கிட்டே திரும்பினேன்கா. பின்னாடி ஆள் வருது, திரும்பாதேன்னு சொல்லியிருக்காங்க. அப்புறம் கேப்டன்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். இப்ப தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன் அந்த வார்த்தையை.

அக்கா: இத்தனை நாளா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீ. ஒவ்வொரு தடவையும் பிராக்டீஸ் முடிஞ்சு வந்தேன், பிராக்டீஸ் முடிஞ்சு வந்தேன்னு...

தங்கை: என்னன்னு சொல்றது? பெத்த பிள்ளையை விட்டுட்டு வந்தது ஆடறதுக்குத்தானே. ஆடவும் முடியலைன்னா, அப்புறம் நான் எதுக்கு இங்க இருக்கேன்னு நீ கேக்க மாட்ட. அவ பெரியவளானா கேப்பா.

அக்கா: அழாதடி.

தங்கை: அழல. மாத்திரை குடுத்திருக்காங்க, மூக்கடைப்பு.

அக்கா: இனிமே... ஆட முடியுமா?

தங்கை: முடியும்கறாங்க. ஆனா இந்த சீசன் அவ்வளவுதான். வீட்டுக்குப் போய் ஆளுங்களோட இரு, அங்கயே பயிற்சி பண்ணு, அடுத்த சீசனுக்கு வான்னு கோச் வந்து சொன்னாரு. இந்தத் தடவை கையால காட்டல. யார்கிட்டயோ கேட்டு நம்ம பாஷைல எழுதிக்கிட்டு வந்து வாசிச்சாரு. பாதி தப்பு. ஆனா புரிஞ்சுது. ஞாயித்துக்கிழமை கிளம்பறேன்கா. ஊன்றுகோலோடதான் வருவேன். மாமாவை ஏர்போர்ட்டுக்கு வரச் சொல்லு.

அக்கா: வாடி. உடனே வா. நான்தான் கூறுகெட்டுப் போய் வேணாம் வேணாம்னு... என்ன ஏதுன்னு தெரியாம பேசிட்டேன்.

தங்கை: என்னோடதை எல்லாம் சொல்லிட்டேன். இப்ப நீ சொல்லு.

அக்கா: நான் என்ன சொல்ல?

தங்கை: நேத்து நீங்க யாரும் மேட்ச் பாக்கல.

அக்கா: ...இல்ல. மாமா ஸ்கோர் மட்டும் பாத்துச் சொல்லுவார்.

தங்கை: அவ கை தட்டல.

அக்கா: ...இல்ல.

தங்கை: தினமும் அழறதும் இல்ல.

அக்கா: முதல்ல அழுதாடி. சத்தியமா. ரொம்ப அழுதா. அப்புறம்...

தங்கை: நிறுத்திட்டா. அது நல்லதுதான்கா. அழாம இருக்கறது நல்லதுதானே... எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. ஏர்போர்ட்டுக்கு அவளையும் கூட்டிட்டு வந்தா, என்னைப் பாத்ததும் வருவாளா? ஊன்றுகோலைப் பாத்து பயப்படுவாளேன்னு கேக்கல. என்னைத் தெரியுமா அவளுக்கு? மறைக்காம சொல்லு.

அக்கா: ...உன் முதல் மேட்ச் அன்னிக்குப் போட்டோம்டி. அது நிஜம். நீ வரிசையில நின்னப்ப உன் மூஞ்சியைப் பெருசா காட்டினாங்க. 'அதோ பாரு, அம்மா'ன்னேன். டீவியைப் பாத்தா. என்னைப் பாத்தா. அப்புறம் என் மடில ஏறி நின்னுக்கிட்டு, என் கன்னத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சு அவ பக்கம் திருப்பி, 'அது இல்ல, இதுதான் அம்மா'ன்னா. அன்னிலேர்ந்து ஒரு மேட்ச்கூட நாங்க போடல. போனையும் அவகிட்ட குடுக்கல. பெரியம்மான்னு அவளுக்கு நல்லாவே சொல்ல வரும்டி... அன்னிக்கு அவ அப்படிச் சொன்னப்ப, நான் இல்லைன்னு சொல்லல.