கழியின் உட்புறம்

மூக்குக்கண்ணாடி போட்டால் என் முகம் ஆந்தை போல ஆகிவிடுகிறது. அதனால் வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்துத்தான் அதை எடுப்பேன். சம்பூர்ணம் அம்மா அவர்களே, உங்கள் கடிதம் வந்து நான்கு நாள் கழித்துப் பதில் எழுதக் காரணம் இதுதான். வேறு தயக்கம் எதுவும் இல்லை.

ஆறு வருடத்துக்கு முன், எழுபத்தேழில், எங்கள் ஓடைக்கரையில் நீங்கள் பார்த்துவிட்டுப் போன மூங்கில் இந்த ஆண்டு பூத்தது. பூ உங்கள் கல்லூரிக்கு வந்து சேர்ந்ததாகவும், அது கல்மூங்கில் இல்லை என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பூத்த புதர் காய்ந்து காட்டுத்தீயில் போய்விட்டது. அறுத்துப் பார்க்க இனி ஒரு கழியும் இல்லை. அதன் உட்புறம் கெட்டியா, பொந்தா, நேரில் கண்டவர் உண்டா என்று கேட்கிறீர்கள். உண்டு. நான் ஒருவன்தான்.

அன்று நீங்கள் அரை நாள் அந்தப் புதரோடு இருந்தீர்கள். கணுவுக்குக் கீழே மாவு பூசியது போன்ற வெள்ளை வளையத்தை அளந்தீர்கள். முளையை மூடியிருந்த பாளையை உரித்து, அதன் தோளில் இரண்டு பக்கமும் காது போல மடிப்பு இருக்கிறது, மடிப்பில் மயிர் இருக்கிறது என்று காட்டினீர்கள். நான் பத்தடி தள்ளி நின்று ஒரே பார்வையில் கல்மூங்கில் என்றேன். எங்கள் மலையில் மூங்கில் இரண்டே வகை. முள் இருந்தால் முள்மூங்கில், இல்லாவிட்டால் உள்ளே பொந்தில்லாத கல்மூங்கில். மடிப்பும் மயிரும் என் கண்ணுக்குத் தெரியவே இல்லை என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

"கல்மூங்கில்னா பாளையில இந்தக் காது இருக்காதுங்க ஐயா. ஒரு கழியை அறுத்துப் பாத்தா பாதி சந்தேகம் தீரும். பூ பாக்காம பேர் சொல்ல எனக்கும் தெரியலைங்க" என்றீர்கள். அவ்வளவு படித்த ஒருவர், ஊரே நிற்கும்போது, தெரியவில்லை என்று சொல்லிவிட்டு நிம்மதியாக மோர் குடித்ததை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. உங்களுக்காக நான் வெட்கப்பட்டேன்.

புதுப் புதரில் முதல் வெட்டு எங்கள் குடும்பத்து மூத்தவன் கையால்தான் விழ வேண்டும். அவன் தனியாகப் போய் வெட்டி, வெட்டிய அடியில் மஞ்சள் மண் பூசித்தான் ஊருக்குள் கொண்டுவருவான். அந்த வழக்கத்தைச் சொல்லி உங்களை அறுக்கவிடாமல் மறித்தேன். நீங்கள் போனதும் என் தம்பி மகன் ராஜவேலு தொடங்கினான்.

"இன்னா பெரிப்பா, அந்தம்மா அறுக்கறேன்னா ஏன் மறிக்கிற? உள்ள பொந்தா இருந்தா உன் மீசை வுழுந்துடுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். "இந்த வருசம் தேன்பாறைக்கு ஏணிக்கழி இந்தப் பொதர்லதான்டா வெட்டுவேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். வந்ததும் மீசையைத் தடவிப் பார்த்தேன் என்பதையும் மறைக்கவில்லை.

எங்கள் ஏணி ஒற்றைக் கழி. கிளைக் கட்டைகளை விட்டுவைத்து, அதில் கால் வைத்துப் பாறையில் ஏறுவார்கள். அதற்குக் கெட்டியான கல்மூங்கில்தான் தாங்கும். மறுவாரம் தனியாகப் போய் வெட்டினேன். நீங்கள் கேட்ட அளவு இதோ: அடிக்கழியில் நடுப்பொந்து என் சுட்டுவிரல் தாராளமாக நுழையும் அகலம். சுவரின் கனம் என் சுண்டுவிரல் நகத்தளவு.

விரலை எடுத்தேன். பிறகு அதே கழியின் கிளையைச் சீவி, பொந்தை அடைக்க ஆப்பாக அடித்து, மேலே மஞ்சள் மண் பூசினேன். அவ்வளவு நேர்த்தியான வேலையை நான் வாழ்நாளில் செய்ததில்லை. என் கையால் மாட்டிய வீட்டுக் கதவு இன்றுவரை சரியாகச் சாத்தாது.

தேனெடுக்க ஏறுகிறவன் என் மருமகன் வேடியப்பன், மகள் செந்தாமரையின் புருஷன். கழியைத் தோளில் போட்டதும் நின்றான்.

"இன்னா மாமா, லேசா கீது? பச்சைக் கல்மூங்கில்னா தோளு நோவணுமே."

"உன் தோளு முத்திப்போச்சுடா. உனக்குப் பொண்ணு குடுத்ததுக்கு இன்னிக்குத்தான் மனசு குளுருது."

அவன் சிரித்தான். என் வாயிலிருந்து அவனுக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. அதற்குமேல் அவன் எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் பாறையில் ஏறினான். அப்போதும் தடுத்திருக்கலாம். பக்கத்தில் ராஜவேலு நின்றுகொண்டிருந்தான். முப்பதடி உயரத்தில் கழி நடுவில் பிளந்தது. எல்லோரும் அவனிடம் ஓடினார்கள். நான் கழியிடம் ஓடினேன். துண்டுகளைப் பள்ளத்தில் தள்ளிவிட்டு, "உசுரு வாங்கின கழி, யாரும் தொடாதீங்க" என்றேன். அவன் சாயங்காலம் வரை உயிரோடுதான் இருந்தான். நான் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன்.

தேனெடுக்கிறவன் ஏழு நாள் மனைவியை நெருங்காமல் நோன்பு இருக்க வேண்டும். ஏன் விழுந்தான் என்று ஊர்க்கூட்டத்தில் கேட்டார்கள். கழியில் குறையில்லை, நோன்பில்தான் குறை என்றேன்.

செந்தாமரை எழுந்தாள். "ஏழு நாளும் அவரு வூட்டாண்ட வர்லப்பா. உனக்கே தெரியும்."

எனக்குத் தெரியும். ஏழு நாளும் அவன் என் மாட்டுக்கொட்டகையில்தான் படுத்திருந்தான். "தப்பு பண்ணவ எவ ஒத்துக்குவா?" என்றேன்.

உயிர் வாங்கிய புதர் என்று அதன்பிறகு யாரும் அந்த மூங்கிலில் கத்தி வைக்கவில்லை. புருஷனைத் தின்றவள் என்று ஊர் அவளை ஒதுக்கியது. இப்போது கலசப்பாக்கத்தில் மல்லாட்டைக் கடலை உடைக்கும் மில்லில் இருக்கிறாள் என்று கேள்வி. இதனால் எங்கள் குடும்ப மானம் போய்விட்டதாக நினைத்துவிடாதீர்கள். அவள் கட்டிக்கொடுத்த பெண். அந்தப் பழி வேடியப்பன் வீட்டைச் சேரும். அன்று அதை நன்றாக யோசித்துத்தான் சொன்னேன்.

இப்போது எழுதக் காரணம், தகவல் சொன்னவன் என்று உங்கள் நூலில் என் பெயரைப் போடப்போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். நாளைக்கு வேறு மலையில் ஒருவர் இதே மூங்கிலை அறுத்துப் பார்த்து, சொன்னவன் பொய்யன் என்று சொல்ல இடம் கொடுக்கக் கூடாது. ஆகவே பொந்து என்றே எழுதுங்கள். இந்தக் கடிதத்தைப் போலீசிடம் காட்டுவதானாலும் காட்டுங்கள். ஆப்பு அடித்தது நான்தான். தெரிந்தேதான் அவனை ஏற்றினேன்.

ஒரு வரி மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு கழிதான் அப்படி அமைந்துவிட்டது. புதரில் மீதி இருந்ததெல்லாம் கல்மூங்கில்தான்.