மனம் வைக்க முடியாத நண்பன்

அவையை ஆளும் தலைவர் ஹிராயாமா அவர்களே! அலையோடு மல்லுக்கட்டியே தலை நரைத்த பெரியோர்களே! சிப்பி உடைத்துக் காய்த்துப்போன கைகளோடு வந்திருக்கும் தாய்மார்களே! முன்வரிசையில் என் முகத்தைப் பார்க்காமல் தேநீர்க் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் குராமோச்சியே! வணக்கம்.

நாளைக் காலைக் கப்பலில் இவன் மகள் வீட்டோடு இருக்கப் போய்விடுகிறான். வழியனுப்பிப் புகழச் சொன்னார்கள். புகழ மாட்டேன்! கேட்பேன்! இன்று கேட்காவிட்டால் என்று கேட்பேன்?

ஆறு ஆண்டுகளுக்கு முன், நான் தேர்தலில் வென்று நம் சிப்பி வளர்ப்போர் சங்கச் செயலாளரான அன்று, இதே மேடையில் இவன் என்ன சொன்னான்? "இவாசே எனக்கு கி நோ ஒகெனாய் நண்பன்" என்றான். சொல்லுக்குச் சொல் பார்த்தால், மனத்தை வைக்க முடியாத நண்பன்! நீங்கள் கைதட்டினீர்கள், நான் கொதித்தேன். நம்ப முடியாதவன் என்றல்லவா ஊரறியச் சொல்கிறான்! அன்று புகுந்தது சந்தேகம். முள்ளங்கி ஊறுகாய் கொடுத்தால் சந்தேகம். முகம் பார்த்துச் சிரித்தால் சந்தேகம். நான் மருத்துவமனையில் கிடந்தபோது, புயலில் அறுந்த, சிப்பி வளர்க்கும் என் மிதவையை இவன் இழுத்துக் கட்டி வைத்தான். நன்றி சொன்னேனா? சிப்பி தொங்கும் ஒவ்வொரு கயிறாகத் தூக்கி, எதையாவது திருடிவிட்டானா என்று பார்த்தேன்!

போன வாரம் என் மனைவி சுமியே அகராதியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"நல்லாப் படிங்க. கி நோ ஒகெனாய்னா கூச்சநாச்சம் இல்லாமப் பழகலாம்னு அர்த்தம். இதுக்கா ஆறு வருசமா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரிஞ்சீங்க?"

நிம்மதி வந்ததா? வரவில்லை! என்னைப் போலத் தப்பாக நினைத்திருந்தவர்கள் கையைத் தூக்குங்கள். அடேயப்பா, பாதி மண்டபம்! தலைவரே, நீங்களுமா? அப்படியானால் இவன் எந்தப் பாதி? குராமோச்சி, உண்மையைச் சொல்! எந்த அர்த்தத்தில் சொன்னாய்?

எழுந்துவிட்டான். எல்லோருக்கும் கேட்கும்படி பேசுடா!

"தப்பான அர்த்தத்துலதான்டா சொன்னேன். தேர்தல்ல என்னைத் தோக்கடிச்சியே, அந்தக் கடுப்பு. உன்னை நான் நம்பவே இல்ல."

கேட்டீர்களா! என் சந்தேகம் சரி! சிரிக்காதீர்கள் அம்மா, எனக்கு இன்னும் ஒரு கேள்வி இருக்கிறது. பிறகு எதற்கடா என் மிதவையைக் கட்டினாய்?

"உன்னைப் பிடிக்கலதான். அதுக்காக அறுந்து கிடக்கறதப் பாத்துட்டுச் சும்மா போயிடுறதா? அப்புறம் தினமும் உன் மிதவைய ஒரு எட்டுப் பாக்கறது பழக்கமாயிடுச்சு. நீ குணமாகி வந்து, கிட்ட வராதேன்னு விரட்டிட்டே."

பெரியோர்களே, தாய்மார்களே! தான் நம்பாத ஒருவனுக்காகக் கடலில் இறங்கியவன் இவன். கட்டிக் கொடுத்தவனையே கள்வன் என்று நினைத்தவன் நான். வெட்கமாக இருக்கிறது; அழுகையும் வருகிறது.

குராமோச்சி, கப்பல் ஏழு மணிக்கு. நான் ஐந்து மணிக்கே துறைக்கு வந்துவிடுகிறேன். ஆறு வருடப் பேச்சுக்கு இரண்டு மணி நேரம் போதாதுதான். ஆனாலும் நீ சீக்கிரம் வா.

என் வீட்டுக் கதையை உங்கள் கதையாகக் கேட்ட அவைக்கு நன்றி, வணக்கம்.